படுதா பதில்கள்: இடிந்த கோபுரமும் இரண்டு அன்னங்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் சட்டம் போட்ட பழைய படம் ஒன்று இருக்கிறது. மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே வாங்கியது என்று அப்பா சொல்வார். கடலோரத்தில் உடைந்த இரண்டு கோபுரங்கள், ஒரு ஆள், ஒரு நாய், நிறைய மேகம். கீழே ‘ஹேட்லி’ என்று மட்டும் படிக்க முடிகிறது, மீதியைக் கரையான் தின்றுவிட்டது. யார் வரைந்தது? எந்த இடம்? இடிந்த படத்தை வீட்டில் மாட்டக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். என்ன செய்ய? (வாசகி, தண்டையார்பேட்டை)

முதலில் மாமியார் விஷயம். அவர் சொன்னதைக் கேட்டு நான் சிரிக்கமாட்டேன். அதே வார்த்தையால் பாதிக் கூலியை இழந்தவன் நான்.

1979-இல் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படுதா வரையக் கூப்பிட்டார்கள். (இந்தப் பகுதிக்கு ஆசிரியர் வைத்த பெயரே என் பழைய பிழைப்பிலிருந்து எடுத்ததுதான்.) எட்டடிக்குப் பத்தடி காடாத் துணி. வஜ்ரப் பசை காய்ச்சிப் பூசி, காயவைத்து, அதன்மேல் பவுடர் கலர். அப்போது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படம்தான். அதனால் கறுப்பையும் வெள்ளையையும் கலந்து பத்துப் பன்னிரண்டு சாம்பல் செய்துகொண்டால் போதும், பச்சை நீலமெல்லாம் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். எல்லா ஸ்டுடியோவிலும் கேட்பது தோட்டம், மாடிப்படி, தூண், ஜன்னலுக்கு வெளியே நிலா. இவர் மட்டும், “எதுனா வெளிநாட்டு சீனா போடுப்பா, இந்த ஏரியாவுல வேற யார்கிட்டயும் இருக்கக் கூடாது” என்றார்.

அக்கா வீட்டில் அரிசி போட்டு வைத்திருந்த ஒரு வெளிநாட்டு பிஸ்கட் டின் இருந்தது. அதன் மூடியில் கடலோரக் கோபுரம் ஒன்று, பாதி இடிந்து, கொடி படர்ந்து. கட்டம் போட்டுப் பெரிதாக்கினேன். நாலு நாள் வேலை. கோபுரத்தின் விரிசலுக்கு மட்டும் ஒரு முழு மத்தியானம் ஆனது. எனக்கே அதன் முன்னால் உட்கார்ந்து டீ குடிக்கலாம் போல இருந்தது.

மாட்டிய மறுநாள் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ஒரு ஜோடி வந்திருக்கிறது, கூடவே பையனின் ஆயா. படுதாவைப் பார்த்ததும் அந்த அம்மா, “ஏம்ப்பா, வாழப்போற புள்ளைங்கள பாழடைஞ்ச வீட்டு முன்னாடியா நிக்க வைப்ப?” என்று கேட்டுவிட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் எனக்கு ஆள் வந்தது. கோபுரத்தை முழுசாகக் கட்டி முடித்துக் கொடுத்தேன். காலியாக இருந்த கடலில் இரண்டு அன்னங்களையும் மிதக்கவிடச் சொன்னார், விட்டேன். உப்புத் தண்ணீரில் அன்னத்துக்கு என்ன வேலை என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. முதலில் வரைந்ததற்குப் பாதிக் கூலி பிடித்துக்கொண்டார், அன்னத்துக்குத் தனியாக எதுவும் தரவில்லை. அந்தப் படுதா ஒன்பது வருடம் ஓடியது. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் பழைய கல்யாண ஆல்பம் இருந்தால் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளையின் இடது தோளுக்குப் பின்னால் அன்னம் தெரிந்தால் அது என்னுடையது.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். ஹேட்லி என்பது ஒரு கோட்டை. லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைப் பார்த்த மாதிரி, எசெக்ஸ் மாவட்டத்தில் ஒரு மேட்டில் நிற்கிறது. நம் ஆட்களுக்குச் சொல்வதானால், எண்ணூர் முகத்துவாரத்தின் பக்கத்தில் ஒரு குன்று இருந்து, அதன்மேல் கோட்டை இருந்தால் எப்படி, அப்படி. 13-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1551-இல் ஒரு பிரபு அதை விலைக்கு வாங்கி, கல்லைப் பெயர்த்து விற்றார். மிச்சத்தை அடியிலிருந்த களிமண் பார்த்துக்கொண்டது. சரிவு வழுக்கி வழுக்கிச் சுவரெல்லாம் கீழே போயிற்று.

வரைந்தவர் ஜான் கான்ஸ்டபிள். முழு ஓவியம் 1829-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் மாட்டப்பட்டது. புயல் அடித்த இரவுக்கு மறுநாள் காலை என்பதையும் அதன் தலைப்பிலேயே சேர்த்திருந்தார். இப்போது அது அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. அதற்கு முன்னோட்டமாக அதே அளவில் அவர் போட்டுப் பார்த்த கரடுமுரடான இன்னொன்று லண்டன் டேட் ஓவியக் கூடத்தில் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய நாலடி உயரம், ஐந்தரை அடி அகலம். உங்களிடம் இருப்பது அதில் ஒன்றின் அச்சுப் பிரதி. விற்றால் சட்டத்துக்குத்தான் காசு, கனவு காண வேண்டாம்.

ஆனால் அந்தப் படம் வந்த கதையைக் கேட்டால் மாமியார் மனசு மாறினாலும் மாறும்.

கான்ஸ்டபிள் அந்த இடத்துக்குப் போனது 1814-இல். அப்போது அவருக்கு மரியா என்ற பெண்ணோடு காதல். பெண்ணின் தாத்தாவுக்கு இந்தப் படம் வரைகிறவனைப் பிடிக்கவில்லை, வருடக்கணக்காக இழுபறி. ஹேட்லியைப் பார்த்துவிட்டு வந்தவர், அந்த இடிபாட்டைப் பற்றியும், அங்கிருந்து கென்ட் மலைகளும் கடலும் தெரிவதைப் பற்றியும் மரியாவுக்குத்தான் கடிதம் எழுதினார். கையில் இருந்தது உள்ளங்கையளவு பென்சில் படம் ஒன்று. 1816-இல் கல்யாணம் நடந்தது. ஏழு குழந்தைகள். 1828 நவம்பரில் காசநோயில் மரியா இறந்தபோது கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய பென்சில் படத்தை எடுத்து, நாலடிக் கேன்வாஸில் ஏற்றினார். 1829 பிப்ரவரியில் ராயல் அகாடமி அவரை முழு உறுப்பினராக எடுத்தது, அதுவும் ஒரே ஓட்டு வித்தியாசத்தில். அப்போது அவருக்கு வயது 52. வருடக்கணக்காகக் காத்திருந்த பதவி. வீட்டுக்குப் போய்ச் சொல்ல மனைவி இல்லை.

இப்போது படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இடது பக்கம் கிட்டத்தில் இருக்கும் பெரிய கோபுரத்தில் மேலிருந்து இறங்கும் பிளவு தெரிகிறதா? அந்தப் பிளவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பொட்டுகள் இருக்கும். கத்தியால் வைத்தது. பேலட் நைஃபின் நுனியில் கெட்டியான வெள்ளையை எடுத்து, தடவாமல், தொட்டுத் தொட்டு விட்டிருக்கிறார். ஈரக் கல்லில் காலை வெயில் பட்டால் அப்படித்தான் மினுக்கும். அந்தக் காலத்து விமர்சகர்கள் இதைக் கான்ஸ்டபிளின் பனி என்று கேலி செய்தார்கள். மழைக்கு மறுநாள் ஈரச் சுவரை உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அப்புறம் கீழே அந்த ஆள். கையில் கோல், பக்கத்தில் நாய். ஆடு மேய்க்கிறவர். கோபுரத்தை அவர் அண்ணாந்து பார்க்கவில்லை, அதற்காக அழவும் இல்லை. ராத்திரிப் புயலுக்குப் பிறகு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார், அவ்வளவுதான். தள்ளி மாடுகள் மேய்கின்றன. கோபுரத்துக்காக இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இந்த ஆளுக்காகப் பார்க்கிறேன். என் படுதாவில் நான் கோட்டைவிட்ட ஆள் இவர்தான். அன்னத்துக்குப் பதிலாக ஒரு வலை தைக்கிறவரை உட்காரவைத்திருந்தால் அந்த ஆயா ஒருவேளை திரும்பிப் போயிருக்கமாட்டார்.

மாட்டுங்கள். பூஜை அறை எதிரில் வேண்டாம், மாமியாருக்கும் ஒரு மரியாதை வேண்டும். வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுங்கள். பின் அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு அட்டை வையுங்கள், கரையான் அதில்தான் குடியிருக்கும்.

கேள்வி: இந்த மாதிரிப் படங்களை ‘ரொமாண்டிக்’ ஓவியம் என்கிறார்களே, ஜோடி எங்கே? (வாசகர், கொடுங்கையூர்)

ஜோடியைத் தேடினால் கிடைக்காது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-இன் தொடக்கத்திலும் ஐரோப்பாவில், ஓவியத்தில் ஒழுங்கு, அளவு, இலக்கணம் என்று இருந்ததை விட்டு, பார்க்கிறவன் மனசில் என்ன எழுகிறதோ அதை முன்னால் வைத்தவர்களுக்கு அந்தப் பெயர். புயல், மூடுபனி, மலை, இடிபாடு எல்லாம் அவர்களுக்குப் பிடித்த சரக்கு. நீங்கள் நினைக்கிற ரொமான்ஸுக்கு என் அன்னப் படுதாதான் சரி.

கேள்வி: நேரில் பார்த்ததை அப்படியே வரைவதுதான் நேர்மை என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். ஒரு இடிபாட்டை வேறு இடத்தில் வைத்து வரைந்தால் அது பொய்யா? (கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

தம்பி, காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் என்று ஒரு ஜெர்மன்காரர். 1774-இல் பால்டிக் கடலோரம் கிரைஃப்ஸ்வால்ட் ஊரில் பிறந்தவர். பதின்மூன்று வயதில், உறைந்த தண்ணீரின்மேல் போனபோது பனி உடைந்து விழுந்த இவரைக் காப்பாற்றப் போன தம்பி மூழ்கிச் செத்துப்போனதாகச் சொல்கிறார்கள். ஊருக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி எல்டெனா என்ற பழைய மடாலயம், செங்கல் கட்டடம். போரில் அடிபட்டது போக மீதிச் செங்கல்லை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய் வேறு கட்டடம் கட்டினார்கள். நின்றது ஒரு சுவர், அதில் ஒரு பெரிய ஜன்னல் ஓட்டை. அந்தச் சுவரை அவர் வாழ்நாள் முழுக்க விடவில்லை. பனியில் இலையுதிர்ந்த ஓக் மரங்களுக்கு நடுவே அந்த மாதிரி ஒரு சுவர் நிற்க, துறவிகள் சவப்பெட்டி தூக்கிப் போவதாக ஒரு படம். 1810-இல் பெர்லினில் அதைக் காட்சிக்கு வைத்தார், பிரஷ்ய அரசரே வாங்கினார். பிற்பாடு, 1830-களில், அதே எல்டெனாவைத் தூக்கிக்கொண்டுபோய், இன்றைய போலந்து, செக் எல்லையில் இருக்கும் மலைத்தொடரின் அடிவாரத்தில் வைத்துவிட்டார். கடலோரச் சுவர் மலைக்குப் போய்விட்டது!

அதற்கும் முன்னால் ஃப்ரான்ஸில் ஹ்யூபர்ட் ராபர்ட் என்பவர், நன்றாக நின்றுகொண்டிருந்த லூவர் அரண்மனைக் கூடத்தையே கூரை இடிந்து கிடப்பதாக 1796-இல் வரைந்தார். நீங்களும் வேண்டுமானால் ராயபுரம் ரயில் நிலையத்தைத் தூணோடு சாய்த்து வரையலாம். 1856-இல் திறந்த கட்டடம், இன்னும் நிற்கிறது, ரயிலும் நிற்கிறது, கோபித்துக்கொள்ளாது. ஆசிரியர் சொன்னதிலும் தப்பில்லை. ஃப்ரீட்ரிக் அந்தச் சுவரைக் கல் கல்லாக நேரில் பார்த்து வரைந்து வைத்திருந்தார். அதனால்தான் அவரால் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. முதலில் ஸ்கெட்ச் புக்கோடு நாலு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போங்கள். பொன்னேரி வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசல் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டை வரைந்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள். தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.

கேள்வி: புயலுக்கு அடுத்த நாள் வானம் எப்படி வரைவது? என்ன கலந்தாலும் அழுக்குத் துணி மாதிரி வருகிறது. (வாசகர், எண்ணூர்)

கறுப்பு கலக்கிறீர்கள், அதனால்தான். கறுப்பை எடுத்து உள்ளே வையுங்கள். நீலத்தோடு கொஞ்சம் காவி சேர்த்தால் சாம்பல் வரும், அது உயிரோடு இருக்கும்.

2016 டிசம்பர் 12 வர்தா. மறுநாள் விடியற்காலம் காசிமேட்டுக்கு நடந்து போனேன், வழியெல்லாம் மரம். கடற்கரையில் வானம் பாதி மூடியிருந்தது. கிழக்கே அடிவானத்தை ஒட்டி ஒரு விரற்கடை அளவு திறப்பு. அந்தத் திறப்பிலிருந்து வந்த வெளிச்சம் தண்ணீரில் நீளமாக ஒரு பட்டை போட்டிருந்தது, கரையோரத் தண்ணீரோ சேற்று நிறம். தண்ணீரில் அதிக வெளிச்சம் இருந்த இடம்கூட வானத்தின் திறப்பை விட மங்கலாகத்தான் தெரிந்தது. மேகத்தை ஒரே நிறத்தில் நிரப்பாமல், முதலில் அந்தத் திறப்பை வெறும் தாளாக விட்டுவிடுங்கள். மேலே போகப்போகத் தண்ணீரைக் குறைத்து நிறத்தைக் கூட்டுங்கள். காயும்வரை கை வைக்காதீர்கள், உங்கள் அழுக்குத் துணி அங்கேதான் உண்டாகிறது.

கான்ஸ்டபிளே 1821, 22-இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து வெறும் மேகமாக வரைந்து தள்ளினார். தாளின் பின்பக்கம் தேதி, மணி, காற்று எந்தத் திசை என்று குறித்துவைத்தார். நீங்களும் குறியுங்கள். வாடையா கச்சானா என்று வீட்டுக்கு வெளியே வலை உலர்த்துகிறவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

கேள்வி: எங்கள் குப்பத்தில் கடல் அரித்துப் பாதி நிற்கும் வீடுகளை வரைந்து ஒரு போட்டிக்கு அனுப்பினேன். நன்றாக வந்திருப்பதாக எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அந்த வீட்டுக்கார அக்கா பார்த்துவிட்டு, “எங்க கஷ்டம் உனக்குப் படமா?” என்று கேட்டுவிட்டார். இப்போது என்னிடம் பேசுவதில்லை. நான் செய்தது தப்பா? (வாசகி, எர்ணாவூர்)

இந்தக் கடிதத்தை இரண்டு மாதமாகப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

எங்கள் ஆயா வீடும் அப்படித்தான் போனது. காசிமேட்டுக்கு வடக்கே, கடலைப் பார்த்த வீடு. நைனா சின்னப் பையனாக இருந்தபோது வாசலிலிருந்து தண்ணீருக்கு நடக்கவே வெகு தூரமாம், மணல் கால் சுடுமாம். எனக்குப் பத்து வயதில் கோயில் மேடை மட்டும் தள்ளி நின்றது. அப்புறம் அதுவும் இல்லை. ஒரு ஐப்பசியில் பின்சுவர் இறங்கியது. சமையல் அறை கடல் பக்கம் திறந்துகொண்டு, புகை படிந்த சுவரும் உறிக்கயிறு மாட்டிய ஆணியும் ரோட்டிலிருந்தே தெரிந்தது. ஒரு வீட்டின் அடுப்பங்கரை ஊருக்கே தெரிகிற மாதிரி கிடந்தால், வீட்டுப் பெண்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆயா ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டார், அதை மட்டும் பார்த்தேன்.

கடல் தானாகக் கோபித்துக்கொண்டு வந்ததாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நம் கரையோரத்தில் வருடத்தில் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டத் தொடங்கினார்கள். மணல் அங்கே தடுக்கி நின்றது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து மேலே கரை தேய்ந்தது அதனால்தான். இப்போது பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள், தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். கல் போட்ட இடம் நிற்கிறது, அதற்கு அடுத்த வடக்குப் பக்கம் இளகுகிறது.

கான்ஸ்டபிளின் கோட்டையை யாரும் தங்கள் வீடு என்று சொல்லவில்லை. பிரபு விற்ற கல், இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் பழைய பாசி. அவர் துக்கத்தை அதில் ஏற்றிவைத்தார், அது தாங்கியது. உங்கள் அக்கா வீட்டுச் சுவரில் இன்னும் போன பொங்கலுக்கு அடித்த பெயின்ட் இருக்கிறது. குழுவில் வாங்கிய கடன் பாக்கியும் இருக்கலாம். அது இடிபாடாவதற்கு இன்னும் நாள் ஆகவில்லை, அவருக்கு அது வீடுதான்.

அதற்காக நீங்கள் வரைந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் வரையாமல் விட்டேன். இருபது வயதில் ஆயா வீட்டின் மிச்சத்துக்கு எதிரில் காகிதத்தோடு உட்கார்ந்து, வெட்கமாக இருந்ததால் எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்கு வரையலாம் என்றால், வாசலில் அம்மிக்கல் இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கமா என்பதே ஞாபகமில்லை. சொல்ல ஆளும் இல்லை. இடம் பாறாங்கல்லுக்கு அடியில்.

அதனால் போட்டியை விடுங்கள், முடிவு வரும்போது வரட்டும். உங்கள் படத்தின் நகலை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போங்கள். முதல் நாள் திட்டுவார், திட்டட்டும். இரண்டாம் தரம் போகும்போது வெறும் தாளும் பென்சிலும் மட்டும் கொண்டுபோய், வீடு முழுசாக இருந்தபோது கதவு எங்கே, ஜன்னல் எங்கே, குடம் எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல அவர் கண்ணெதிரிலேயே போடுங்கள். கதவின் நிறம் நீங்கள் நினைத்ததாக இருக்காது. திண்ணையில் அவரையும் வரைந்துவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். “அங்க எங்க அத்த உக்காரும், அதையும் போடு” என்பார்.